பழைய ஃப்ளாட்டில் டாய்லெட்டை மாற்றும் முன்: குழாய், வாட்டம், சங்கன்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கமெல்லாம் இருபது, இருபத்தைந்து வருடம் ஆன ஃப்ளாட்டுகளில் பாத்ரூமை இடிக்கக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வீட்டில் பெரியவர்களுக்கு முட்டிவலி, கீழே உட்கார்ந்து எழ முடியவில்லை, இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். உடனே கடைக்குப் போய் கம்மோடு பார்த்து, டைல்ஸ் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வந்து மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். எந்தக் கம்மோடு, எந்த இடத்தில் உட்காரும் என்பதை டக்டில் (மாடியிலிருந்து கீழே வரை குழாய்கள் இறங்குகிற இடுக்கில்) நிற்கிற குழாயும், பாத்ரூம் தரைக்குக் கீழே இருக்கிற பள்ளத்தின் ஆழமும் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கின்றன. இரண்டையும் அளந்து, தாளில் வரைந்து, அதன் பிறகு கடைக்குப் போனால் போதும்.

முதலில் டக்டை எட்டிப் பாருங்கள். வழக்கமாக இரண்டு குழாய்கள் இறங்கும். தடித்தது 4 இன்ச், அதாவது 110 மி.மீ.; அது கழிப்பறைக் குழாய். மெல்லியது 3 இன்ச், 75 மி.மீ.; குளிக்கிற தண்ணீரும் வாஷ்பேசின் தண்ணீரும் அதில் போகும். சில கட்டடங்களில் இரண்டையுமே 4 இன்ச்சில் போட்டிருப்பார்கள். அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து டாய்லெட்டில் ஊற்றுங்கள். கீழே ஒருவர் சேம்பர் (குழாய்கள் வந்து சேரும் தரைத் தொட்டி) மூடியைத் திறந்துவைத்துப் பார்க்கட்டும். பிறகு தரை ஜாலி (தண்ணீர் இறங்கும் சல்லடை மூடி) வழியாக இன்னொரு பக்கெட். எந்த நீலம் எந்த சேம்பரில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. குளியல் தண்ணீர்க் குழாய் கீழே போய் கல்லி ட்ராப்பில் விழும். அதற்குள் வாடையைத் தடுக்கத் தண்ணீர் நிற்கிற வளைவு ஒன்று இருக்கிறது; அதைத்தான் ட்ராப் என்கிறோம். சோப்புத் தண்ணீர் அதைத் தாண்டும், மலம் அங்கேயே தங்கி அடைக்கும். கம்மோடை எதிர்ச் சுவருக்கு மாற்றும்போது, “பக்கத்துலயே பைப் இருக்கு சார், இதுலயே சேர்த்துடலாம், அஞ்சடி மிச்சம்” என்று பிளம்பர் சொன்னால், அவர் கைகாட்டும் குழாய் எது என்று கேளுங்கள். வேலூர் 2008-இல் மாநகராட்சி ஆவதற்கு முன்பே எழுந்த கட்டடங்கள் பலவற்றில் டாய்லெட் தண்ணீர் செப்டிக் டேங்குக்கும், குளியல் தண்ணீர் தனியாகத் தெருக் கால்வாய்க்கும் போகிறது. அங்கே குழாய் மாறிச் சேர்ந்தால் உங்கள் வீட்டு மலம் தெருவில் ஓடும். எதிர்த் திசையில் மாறினால், குளிக்கிற தண்ணீர் முழுவதும் செப்டிக் டேங்குக்குள் போய், கசடு அடியில் தங்க நேரமில்லாமல் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

சேம்பர் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது உங்கள் ஜாலியில் குடகுடவென்று சத்தம் வந்தாலோ, கம்மோடு தண்ணீர் ஆடினாலோ, மொட்டை மாடியில் குழாயின் வாய் அடைத்திருக்கலாம். தலைக்கு மேல் காற்று வழி இல்லாவிட்டால், இறங்குகிற தண்ணீர் உங்கள் ட்ராப்பில் நிற்கிற தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும். மாடிக்குப் போய் அதைச் சரிசெய்வது முதல் வேலை. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: உங்கள் கம்மோடை மேலிருந்து வரும் பொதுக்குழாயின் அடி வளைவில் சேர்க்க விடாதீர்கள். அந்த இடத்தில்தான் அழுத்தம் அதிகம். கீழே அடைப்பு வந்தால் மூன்று மாடித் தண்ணீரும் உங்கள் கம்மோடு வழியாகத்தான் மேலே வரும். தனிக் குழாய் போட்டு நேராக சேம்பருக்கு விடுங்கள். அடைப்பு எடுக்கவோ டேங்க் சுத்தம் செய்யவோ யாரையும் உள்ளே இறக்கவே கூடாது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதைவிட முக்கியம், உள்ளே இருக்கிற விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். உறிஞ்சு லாரி இருக்கிறது.

அடுத்து சங்கன். பாத்ரூம் இருக்கிற இடத்தில் மட்டும் தளத்தைக் கீழே இறக்கிப் போட்டிருப்பதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறோம். அந்தப் பள்ளத்துக்குள் குழாய் போட்டு, நிரப்பி, மேலே டைல்ஸ். ஆழம் தெரிய இடிக்க வேண்டியதில்லை. கீழ் வீட்டு பாத்ரூமுக்குள் போய், அவர்கள் ஹால் சீலிங்கைவிட பாத்ரூம் சீலிங் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் போதும். 12 இன்ச் இறங்கியிருந்தால் நிம்மதி. 8 இன்ச் என்றால் யோசிக்க வேண்டும். இறங்கவே இல்லை, குழாய் அவர்கள் சீலிங்கில் தொங்குகிறது என்றால் அது வேறு கணக்கு, பின்னால் வருகிறேன்.

ஏன் 8 இன்ச்சில் சிக்கல் என்பதற்கு ஒரு கணக்குப் போடலாம். கம்மோடின் வாய் டக்ட் சுவரிலிருந்து 5 அடி, அதாவது 1500 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 110 குழாய்க்கு வாட்டம், அதாவது சரிவு, 40-க்கு 1. அப்படியானால் 5 அடிக்கு 38 மி.மீ. இறங்க வேண்டும். குழாய்க்கு 110. குழாய்க்குக் கீழே வாட்டர்ப்ரூஃபிங்கும் அதைக் காக்கிற கலவையும் சேர்த்து 25. குழாய் முதுகுக்கு மேலே கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 75. கூட்டினால் 248 மி.மீ., கிட்டத்தட்ட 10 இன்ச். 12 இன்ச் பள்ளத்தில் இது அடங்கும். 8 இன்ச் என்றால் 200 மி.மீ. தான், வாட்டத்தை முழுவதுமாக விட்டாலும் பத்தாது. அந்த நிலையில் வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், குழாயை மட்டமாகப் படுக்க வைத்து மூடிவிடுவார்கள். முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியாது.

மட்டமாகப் போட்ட குழாய் இப்போது முன்பைவிட வேகமாக அடைக்கிறது. பழைய தொங்கு டேங்க் ஒரு இழுப்புக்கு 10 லிட்டர் கொட்டும். இன்றைய இரட்டைப் பொத்தான் டேங்க் 6 லிட்டர், 3 லிட்டர். அவ்வளவு தண்ணீரில் மலத்தைத் தள்ளிக்கொண்டு போக வாட்டம் தவிர வேறு துணை கிடையாது. தண்ணீரை மிச்சம் பிடிப்பது இந்த ஊருக்குத் தேவைதான். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிப் பழகியவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குறைந்த தண்ணீர் டேங்க் வைக்கிறவர்கள் ரசமட்டத்தைத் தாங்களே வாங்கிக் குழாய் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் 7 முதல் 8 மி.மீ. இறக்கம் இருக்கிறதா என்று டேப்பால் அளந்துவிடுங்கள்.

இப்போது இந்த வேலையிலேயே அதிகம் நடக்கிற தவறுக்கு வருகிறேன். இந்தியன் டாய்லெட் பீங்கானில் தண்ணீர் பூட்டு (வாடையைத் தடுத்து நிற்கிற தண்ணீர்) கிடையாது. அதற்குக் கீழே தனியாக ஒரு ட்ராப் புதைத்திருப்பார்கள். வெஸ்டர்ன் கம்மோடில் ட்ராப் பீங்கானுக்குள்ளேயே இருக்கிறது. பீங்கானை மட்டும் பெயர்த்துவிட்டு, பழைய ட்ராப்பின் வாயிலேயே புதுக் கம்மோடை உட்கார வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ட்ராப். “பழைய ட்ராப்பை எடுத்தீங்களாண்ணே?” என்று கேட்டால், “அது இருந்தா நல்லதுதான் சார், வாடை வராது” என்று பதில் வரும். கேட்கச் சரியாகத் தெரியும், ஆனால் உண்மை நேர் எதிர். இரண்டு தண்ணீர் பூட்டுகளுக்கு நடுவே காற்று மாட்டிக்கொள்ளும். ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி, நின்று, மெதுவாக இறங்கும். மலம் முதல் வளைவைத் தாண்டி இரண்டாவதில் போய் உட்காரும். அங்கே கம்பியும் போகாது, கையும் போகாது. கம்மோடை மாற்றிய பிறகு ஃப்ளஷ் சரியில்லை என்று டேங்கை மாற்றி, கம்மோடையே மாற்றிப் பார்க்கிறவர்கள், கீழே புதைந்திருக்கிற அந்தப் பழைய ட்ராப்பைப் பற்றி நினைப்பதே இல்லை. இடித்த அன்றே அந்த ட்ராப் வெளியே வந்து தரையில் கிடப்பதைக் கண்ணால் பாருங்கள்.

இதே கேள்வியை வாஷ்பேசினுக்கும் கேட்கலாம்: பேசினுக்குக் கீழே பாட்டில் ட்ராப் இருக்கிறது, அந்தக் குழாய் தரை ஜாலிக்குக் கீழே உள்ள நானி ட்ராப்பில் போய்ச் சேர்கிறது, அதுவும் இரண்டு ட்ராப்தானே? அங்கே பிரச்சினை இல்லை. பேசின் குழாய் நானி ட்ராப்பில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வந்து விழுகிறது. நடுவில் உள்ள காற்று ஜாலி வழியாக வெளியே போய்விடும். இன்னொரு நன்மையும் உண்டு. தினம் முகம் கழுவுகிற தண்ணீர் வந்து விழுவதால் நானி ட்ராப் காய்வதே இல்லை. ஆகவே பேசின் குழாயைப் பக்கவாய் உள்ள நானி ட்ராப்பில் சேர்ப்பதைத்தான் நான் விரும்புவேன். ட்ராப் வாங்கும்போது உள்ளே நிற்கிற தண்ணீரின் உயரம் 50 மி.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணம் மாதிரி மேலோட்டமாக இருப்பவை வேலூர் வெயிலுக்கு நான்கு நாள் தாங்காது.

குழாயும் ஆழமும் தெரிந்துவிட்டால் கம்மோடு தேர்வு எளிது. தரை வழியாக இறங்குவது எஸ்-ட்ராப், சுவர் வழியாகப் பின்னால் போவது பி-ட்ராப். எஸ்-ட்ராப்பில் சுவரிலிருந்து ஓட்டையின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம் முக்கியம். 4 இன்ச், 9 இன்ச், 12 இன்ச் என்று வெவ்வேறு அளவில் வருகின்றன. சுவர் என்றால் டைல்ஸ் ஒட்டிய பின் உள்ள சுவர். வெறும் செங்கல் சுவரிலிருந்து 9 இன்ச் அளந்து குழாயை நிறுத்தினால், பூச்சும் டைல்ஸும் ஒரு இன்ச்சைத் தின்றுவிடும். கம்மோடு பின்னால் போகாது. பி-ட்ராப்பில் குழாயின் நடுப்புள்ளி முடித்த தரையிலிருந்து பொதுவாக 180 மி.மீ. சுமார். சரியான எண் அந்தந்த மாடலின் அளவுத் தாளில் இருக்கும். அதன் நகல் கையில் இல்லாமல் பிளம்பரைக் குழாய் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கம்மோடுக்கு நேர் பின்னால் டக்ட் இருக்கிறது என்றால் என் முதல் தேர்வு பி-ட்ராப். சங்கனுக்குள் 110 குழாயே போகவேண்டாம். சுவரில் ஒரு ஓட்டை, வெளியே நிற்கிற குழாயில் அந்த உயரத்துக்குப் புதிதாக ஒரு ஒய் (Y வடிவ இணைப்பு), அவ்வளவுதான். பொதுக்குழாயை அறுக்கிற அந்தச் சில மணி நேரம் மேல் வீடுகளில் யாரும் தண்ணீர் விடக் கூடாது. முந்தின நாளே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லி, அசோசியேஷனிலும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். டக்டுக்குள் சாரம் கட்டி நிற்க வேண்டிய வேலை என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுவரில் தொங்குகிற கம்மோடும் ஆழம் குறைந்த சங்கனுக்கு நல்ல வழிதான். குழாய் தரைக்கு மேலேயே ஓடும். ஆனால் நாலரை இன்ச் சுவரை வெட்டி டேங்கைப் புதைக்க முடியாது. முன்னால் 6 முதல் 8 இன்ச் தடிமனுக்கு நாலடி உயரத்தில் பொய்ச்சுவர் எழுப்ப வேண்டும். அதோடு இந்தப் பக்கத்து போர் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் டேங்க் வால்வில் வெள்ளையாகப் படிந்து, ரப்பர் வாஷரைச் சரியாக மூட விடாது. கம்மோடுக்குள் எந்நேரமும் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகும். வெளியே இருக்கிற டேங்க் என்றால் மூடியைத் தூக்கி அரை மணியில் கழுவி மாட்டலாம். புதைத்த டேங்கில் பொத்தான் பலகைக்குப் பின்னால் உள்ள சின்னத் துவாரம்தான் ஒரே வழி. அந்த மாடலின் வால்வும் வாஷரும் ஊரிலேயே கிடைக்கும் என்று கடையில் உறுதி செய்த பிறகே அதை வாங்குங்கள். அந்தப் பலகையை டைல்ஸ் போட்டு மறைக்க எந்தக் காரணத்துக்காகவும் சம்மதிக்காதீர்கள்.

குழாய்ச் சாமான் பற்றிச் சுருக்கமாக. எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது கழிவுக்கும் மழைத்தண்ணீருக்குமான பி.வி.சி. குழாயில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. ஏ மழைத்தண்ணீருக்கும் காற்றுக்கும். பி தான் கழிவுக்கு. 110-இல் பி-யின் சுவர் 3.2 மி.மீ. தடிமன், ஏ வெறும் 2.2. குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும், ஐ.எஸ். 13592 என்ற எண்ணோடு சேர்த்துப் படியுங்கள். திரும்புகிற இடத்தில் ஒரு 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45. சேருகிற இடத்தில் டீ (T வடிவ இணைப்பு) வேண்டாம், ஒய். டக்ட் பக்கம் கைக்கு எட்டும் இடத்தில் கதவு வைத்த பெண்ட் ஒன்று; பின்னால் அடைப்பு வந்தால் டைல்ஸை உடைக்காமல் கம்பி விட அதுதான் வாசல். குழாய்க்குக் கீழே இரண்டடிக்கு ஒரு செங்கல் துண்டு கலவையோடு முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் நிரப்புகிற பாரத்தில் நடுவில் தொய்ந்து, அளந்து வைத்த வாட்டம் போய்விடும். வழியில் பீம் வந்தால் குழாய்தான் சுற்றிப் போக வேண்டும். பீமைத் தொடக் கூடாது.

குழாய் போட்டதும் மூடிவிடாதீர்கள். வெளிமுனையை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்து, ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள்.

வாட்டர்ப்ரூஃபிங்கில் பரப்பளவை ஏமாற்றுவது எளிது. 4-க்கு 7 அடி பாத்ரூம் என்றால் 28 சதுர அடி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். உண்மையில் சுற்றளவு 22 அடி. ஒரு அடிப் பள்ளத்தின் பக்கச் சுவர் 22 சதுர அடி. தரைக்கு மேல் இன்னொரு அடி ஏற்ற வேண்டும், அது இன்னொரு 22. ஆக 72. ஷவர் மூலையில் இரண்டு பக்கமும் சேர்த்து 7 அடி அகலத்துக்கு மேலும் 5 அடி ஏற்றினால் 35 கூடி 107 சதுர அடி. மருந்து வாங்குவதும் கூலி பேசுவதும் இந்தக் கணக்கில் இருக்கட்டும். பழைய நிரப்பல் முழுவதையும் எடுத்து, தளத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூலை எல்லாம் கலவையால் உருட்டி விட்டு, முதல் கோட் ஒரு திசை, இரண்டாவது கோட் குறுக்கே. ஓதம் பெரும்பாலும் தரையின் நடுவில் இறங்குவதில்லை. குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அந்த வளையத்தைச் சாதா சிமெண்டால் அடைக்காமல், சுருங்காத கிரவுட்டால் அடைத்து அதன் மேல் மருந்து பூச வேண்டும். காய்ந்ததும் பள்ளம் நிறையத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள், 72 என்றால் இன்னும் நல்லது. கீழ் வீட்டுக்காரரை அழைத்து அவர்கள் சீலிங்கை அவரோடு சேர்ந்தே பாருங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் செய்தால் கோட் அடிக்கும் முன் தளத்தை நனைத்துக் குளிர வைத்து, கலவை வேலைக்கு மேல் ஈரக் கோணி போட்டு வையுங்கள். இந்த வெயிலில் கலவை இறுகுவதற்கு முன்பே உலர்ந்து வெடிக்கும்.

என்ன செய்தாலும் சில வருடத்தில் கொஞ்சம் தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற பள்ளத்தின் அடியிலேயே ஒரு சின்னக் குழாய், ஒன்றேகால் அல்லது ஒன்றரை இன்ச், டக்டுக்குள் நீட்டி வைக்க வேண்டும். உள்வாயில் வலை கட்டி, சுற்றிலும் ஜல்லி போடுங்கள். டக்டில் அது சொட்டுவதைப் பார்த்தால் மேலே எங்கோ டைல்ஸ் இடுக்கு திறந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், கீழ் வீட்டில் கறை தெரிவதற்கு முன்பே. இதைச் செய்யாத கட்டடங்கள் ஏராளம்.

நிரப்புவதில் பாரத்தை நினையுங்கள். அதே 4-க்கு 7 பாத்ரூமில் ஓரடிப் பள்ளத்தைச் செங்கல் ஜல்லியும் கலவையுமாக நிரப்பினால் ஒரு டன்னுக்கு மேல். இடித்த டைல்ஸ் துண்டையே உள்ளே தள்ளி மூடுவதும் நடக்கிறது. அது இறங்கும், கூர்முனை மருந்துப் பூச்சைக் கிழிக்கும். எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழி கான்கிரீட் கல்) துண்டு நல்லது. தண்ணீரை உறிஞ்சும் பொருள் என்பதால் மேலே கலவை போட்டு, டைல்ஸுக்கு அடியில் இன்னொரு முறை மருந்து அடிப்பது கட்டாயம். தரை வாட்டம் ஜாலியை நோக்கி 7 அடிக்கு ஒரு இன்ச் இருக்கட்டும்.

சங்கனே இல்லாத கட்டடம் என்றேன். அங்கே கம்மோடை இடம் மாற்ற ஸ்லாபில் ஓட்டை போட்டுக் கீழ் வீட்டு சீலிங்கில் குழாய் தொங்கவிட வேண்டும். அவர்கள் எழுத்தில் சம்மதிக்காமல் அதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. தரையை உயர்த்திப் படி கட்டலாம் என்பார்கள். முட்டிவலிக்காக மாற்றுகிற பாத்ரூமில் 8 இன்ச் படி வைப்பது, ஈரக்காலோடு விழ வழி செய்வது. பழைய இடத்திலேயே கம்மோடை விட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்காக என்றால் இன்னும் சில அளவுகள். கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் 15 இன்ச், முன்னால் 24 இன்ச் காலியாக இருக்க வேண்டும். உட்காரும் உயரம் 16 முதல் 18 இன்ச். கைப்பிடிக்கான இடத்தை டைல்ஸுக்கு முன்பே முடிவு செய்து, அங்கே சுவர் பலமாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உதவிக்கு யாரும் நுழைய முடியாது.

கடைசியாகக் கம்மோடு பொருத்துதல். தரைக்குழாயின் வாய் டைல்ஸ் மட்டத்துக்குச் சமமாகவோ இரண்டு மி.மீ. மேலேயோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் ஒவ்வொரு ஃப்ளஷ்ஷுக்கும் கொஞ்சம் டைல்ஸ் அடியில் இறங்கும். கம்மோடு வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் கனெக்டர் போடுங்கள். அடியில் சிமெண்ட் கொட்டி உட்கார வைக்க விடாதீர்கள்; சிமெண்ட் இறுகினால் பின்னாளில் கம்மோடை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். திருகாணி, சுற்றிலும் சிலிக்கான், போதும். 24 மணி நேரம் யாரும் உட்கார வேண்டாம்.

பள்ளத்தை மூடுவதற்கு முன், ஒவ்வொரு குழாயின் மேலும் டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை இன்ச் என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கைப்பிடிக்கோ ஸ்டாண்டுக்கோ தரையில் டிரில் போட வருகிறவருக்கு அது வேண்டும். ஊருக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் பாத்ரூமில் வாடையும் கரப்பானும் இருந்தால் பிளம்பரைக் கூப்பிடும் முன் நானி ட்ராப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். காய்ந்திருக்கும், அவ்வளவுதான்.